ஐந்து வகைச் சோறும் என் எரிச்சலும்

1

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல குணமுள்ள ஒருத்தி எழுதும் குறிப்பு இல்லை. வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், தனிமையைப் பற்றி எழுதுவார்கள். ரொறன்ரோவில் பனிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் எழுதப்போவது ஒரு புளிச்சாதத்தைப் பற்றி.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. என் ஒரே மகள் அபிரா, அப்போது ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சி, மிசிசாகாவில் தன் மாமியாரின் சமையலறையில் நிற்கிறாள். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதிலிருந்து புளிச்சாதத்தைக் கையால் அள்ளி வாயில் போடுகிறாள். கண் பாதி செருகியிருக்கிறது. படத்துக்குக் கீழே அவளே தமிழில் எழுதியிருக்கிறாள்: "அத்தை கைப்பக்குவம்!"

கையால் அள்ளி! நான் அவித்த புட்டை முள்ளுக்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிட்ட பிள்ளை அவள். தமிழில் எழுதி! சனிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை காருக்குள் குளிரில் விறைத்துக்கொண்டு இருந்தவள் நான். "ஐ ஹேட் திஸ் கிளாஸ்" என்று அழுதபடி கதவை அடித்துச் சாத்திக்கொண்டு ஏறுவாள். பன்னிரண்டு வயதில் வகுப்பை விட்டாள். அதோடு என்னோடு தமிழில் கதைப்பதையும் அநேகமாக விட்டாள்.

சனம் இதயம் இதயமாகப் போட்டது. நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"என்னப்பா, முகம் உப்பிப் போச்சு?" என்றார் இவர், என் கணவர்.

"ஒண்டுமில்லை."

"உமக்கு எரிச்சல்."

"எனக்கென்ன எரிச்சல்? பிள்ளை நல்லாச் சாப்பிடுறாள். சந்தோசம்."

"உந்தச் சந்தோசத்தைக் கொஞ்சம் முகத்திலயும் காட்டுமன்."

நான் எழும்பிப் போய், கழுவி வைத்திருந்த சட்டியைத் திரும்பவும் கழுவினேன்.

2

எனக்குச் சொல்லோடுதான் வேலை. ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறைக்குள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு காதில் டாக்டரோ அரசாங்க உத்தியோகத்தரோ பேசுவார், மறு காதில் தமிழ்ச் சனம் பேசும். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக நான். கேட்டவற்றை வெளியில் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் என் வாயில் வந்த சொற்கள் என்னுடையவை. அவற்றைப் பற்றிச் சொல்லலாம்.

ஆங்கிலத்தில் 'வோன்ட்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். சாப்பிட ஆசையா, வேலைக்குப் போக ஆசையா, உயிரோடு இருக்க ஆசையா. மூன்றுக்கும் தமிழில் ஆசை என்று போட்டால் மறுபக்கத்தில் இருக்கிற கிழவர் என்னை விசரி என்று நினைப்பார். சாப்பாட்டுக்கு விருப்பம் என்று போடுவேன். வேலைக்கு மனம். கடைசிக் கேள்விக்கு எதைப் போட்டாலும் சரிவராது.

இத்தனை வருடத்தில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். மாம்பழத்தில் விருப்பம் என்றால், வந்தால் சாப்பிடுவேன் என்று கருத்து. மாம்பழம் தின்ன ஆசை என்றால், வாங்கித் தராவிட்டால் முகம் கோணும். மாம்பழத்துக்கு ஏங்குகிறாள் என்றால் அவள் இருக்கிற நாட்டில் மாமரமே இல்லை. மோகம் என்று மட்டும் யாரும் தங்களைப் பற்றிச் சொல்வதில்லை. அது மற்றவர்களுக்குச் சூட்டுகிற பெயர். வெளிநாட்டு மோகம் என்று ஊரில் நீங்கள் எங்களைச் சொல்கிறீர்களே, அதுபோல.

பொறாமைக்கு வருவோம். இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலம் எங்களை வென்றுவிட்டது. உன்னிடம் இருப்பது என்னிடம் இல்லையே என்பதற்கு அவர்களிடம் 'என்வி' என்று ஒரு சொல் உண்டு. என்னிடம் இருப்பதை நீ கொண்டுபோகிறாயே என்பதற்கு 'ஜெலஸி' என்று வேறொரு சொல் உண்டு. நாங்கள் இரண்டையும் ஒரே வாளிக்குள் போட்டு பொறாமை என்கிறோம். யாழ்ப்பாணத்தில் அதுவும் இல்லை, எரிச்சல் என்று சொல்லி முடித்துவிடுவோம். எனக்கு அந்த இரண்டாவது வேண்டியிருந்தது. படம் வந்த கிழமை முழுக்க, ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையில் அதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் தேடிப்பார்த்தேன். கிடைக்கவில்லை.

3

சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் கோமதி, கோயம்புத்தூர்க்காரி. மகன் கார்த்திக்கை நாங்கள் மாப்பிள்ளையாக்கி இரண்டு வருடம். ஒரு வார்த்தை பிசகாகப் பேசமாட்டா. வாயைத் திறந்தால் 'ங்க'. எங்களுக்கும் 'ங்க', கடைக்காரனுக்கும் 'ங்க', கதவைத் தட்டுகிற பார்சல் பெடியனுக்கும் 'ங்க'. அபிராவை மட்டும் 'கண்ணு' என்பா. நான் பெற்ற கண்!

அபிராவும் இப்போது அவவோடு போனில் "சாப்டாச்சுங்களா அத்தை?" என்று கேட்கிறாள். எங்கள் வழக்கப்படி மாமி என்றல்லவா சொல்லவேண்டும்? சரி, அதை விடுங்கள். எனக்குக் கிடைப்பது "ஐ ஆம் ஃபைன் மா." நான் வருடக்கணக்காகக் குளிருக்குள் இருந்து ஊட்டப்பார்த்த தமிழை, அந்த மனுசி ஒரு டப்பா புளிச்சாதத்தோடு ஊட்டிவிட்டா. பிள்ளை தமிழ் பேசுகிறாளே என்று என் மனம் குளிரவேண்டும். குளிரவில்லை. என் பிள்ளை என் தமிழைப் பேசவில்லை, இன்னொருத்தியின் தமிழைப் பேசுகிறாள்.

பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். நான் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் கேட்டேன். என்ன பிள்ளை சாப்பிட ஆசை என்று கிழமைக்கு நாலு தரம் கேட்டேன். "நத்திங் மா." அவளுடைய நாக்குக்கு ஆசை வருகிற நேரத்தில் அத்தையின் வீடு பத்து நிமிடத்தில் இருந்தது. என் வீடு நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையின் மறு அந்தத்தில், ஸ்காபரோவில் இருந்தது.

நான் உண்மையில் கேட்க விரும்பியது சாப்பாட்டைப் பற்றி இல்லை. பிள்ளை பிறந்த பிறகு அபிரா எங்கே இருக்கப்போகிறாள்? எங்கள் ஆட்களிடம் இது ஒரு கேள்வியே இல்லை. தாய் வீடுதான். பிள்ளை பெற்ற துடக்குக் கழியும்வரைக்கும் தாய்தான் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுப்பாள். மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒருவரிடம் சொல்லி எடுப்பித்து, வறுத்து, இடித்து, ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே ஆசைப்பட்டுச் செய்தேன்.

பங்குனியில் ஒரு நாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"அம்மா, பேபி வந்தாப் பிறகு... லைக், நான் எங்க நிக்கிறது? அத்தை சொல்றாங்க..."

அத்தை என்ற சொல் காதில் விழுந்ததுதான். மிச்சத்தைக் கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

"உங்கட விருப்பம் பிள்ளை. உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கோ."

"ஓகே மா" என்றாள். வைத்துவிட்டாள்.

வா என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? ஆனால் நான் கேட்டு அவள் வந்தால், அது நான் கேட்டதற்காக வந்தது. எனக்கு அது போதாது. அவளாகவே ஆசைப்பட்டு என்னிடம் ஓடிவரவேண்டும். என் ஆசையை மடிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு அவளுடைய விருப்பத்தைக் கேட்டேன். பிறகு படுக்கையில் கிடந்து, பார், அவளுக்கு அத்தை வீடுதான் வேண்டுமாம் என்று இவரிடம் அழுதேன்.

"அவள் அப்பிடிச் சொன்னவளே?" என்றார்.

"சொல்லத்தான் வேணுமோ?"

"நீரும் சொல்லமாட்டீர், அவளும் சொல்லமாட்டாள். நல்ல தாயும் மகளும்."

4

சித்திரையில் கோமதி அழைத்தா.

"சம்பந்தியம்மா, நல்லா இருக்கீங்களா? கண்ணுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு வச்சிருக்கோமுங்க. நம்ம வீட்டுலதான். அஞ்சு வகை சாதம் நீங்கதான் கொண்டு வரணுமுங்க. அதுதான் முறை."

எங்களுக்கு வளைகாப்பு என்று ஒன்று வழக்கத்தில் இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் மண்டபம் எடுத்து பலூன் கட்டி பேபி ஷவர் வைப்பார்கள், நாங்கள் காசுக் கவரோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம். அஞ்சு வகைச் சோறு எதற்கு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். அந்த மனுசிக்கு முன்னால் எனக்கு எதுவும் தெரியாமல் இருக்கக்கூடாது.

"ஓம், அதுக்கென்ன, கொண்டு வாறன்" என்றேன்.

போனை வைத்ததும் இவரில் பாய்ந்தேன். "பாருங்கோவன்! அவவின்ர வீடு, அவவின்ர ஆக்கள், அவவின்ர சடங்கு. சமைச்சுக் காவிக்கொண்டு வாறதுக்கு மட்டும் நான்! நான் என்ன அவவுக்குச் சமையல்காரியே?"

"உம்மட பிள்ளைக்குத்தானே சமைக்கச் சொல்லுறா."

"நீங்கள் சும்மா இருங்கோ."

நேரே சாப்பாட்டுக்கடைக்குப் போய் ஓடர் கொடுத்தேன். வோபர்னில் நாங்கள் வழக்கமாக எடுக்கிற கடை. மஞ்சள் சோறு ஒரு ட்ரே, மரக்கறிப் பிரியாணி ஒன்று, ஃப்ரைட் ரைஸ் ஒன்று, தயிர்ச்சோறு ஒன்று. ஐந்தாவது நினைவுக்கு வரவில்லை.

"அன்ரி, அஞ்சும் சோறெண்டால் சனம் பேசும்," என்றான் கடைத் தம்பி. "ஒரு ட்ரே மட்டன் ரோல்ஸ் போடுவமே?"

"போடுங்கோ தம்பி."

வெளியே வரும்போது எனக்கு ஒரு வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது. என் கையால் ஒரு பருக்கை அவவின் வீட்டுக்குப் போகாது!

5

வளைகாப்பு அன்று கூறைச்சேலை மாதிரி ஒரு காஞ்சிபுரம் உடுத்து, அட்டியல் போட்டுக்கொண்டு போனேன். வேறு எதில் தோற்றாலும் சேலையில் தோற்கக்கூடாது. போய் இறங்கினால் அபிரா நடுக்கூடத்தில் மணையில் இருக்கிறாள். பச்சைச் சேலை, தலை நிறையப் பூ, மடிப்பு ஒன்றும் கலையவில்லை. கோயில் திருவிழாவுக்குச் சேலை உடு என்று நான் கெஞ்சின காலத்தில் ஊசி குத்துது என்று அழுத பிள்ளை. யார் உடுத்திவிட்டது என்று நான் கேட்கவில்லை.

"சம்பந்தியம்மா வந்துட்டாங்க!" என்று கோமதி வாசலுக்கு ஓடிவந்தா. பின்னால் ஒரு பட்டாளமே வந்தது, எல்லாம் அவவின் சொந்தமும் கோயில் சிநேகிதிகளும். "அம்மா சாதம் கொண்டு வந்தாச்சா?" என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. இவர் கார்க் கதவைத் திறந்து கடைப் பெயர் ஒட்டின அலுமினிய ட்ரேக்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தார். மணைக்கு முன்னால் கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, வாழையிலை விரித்து இடம் விட்டிருந்தார்கள். அதில் கொண்டுபோய் அடுக்கினோம்.

ஒரு வயதான அம்மா ஐந்தாவது ட்ரேயின் மூடியைத் தூக்கிப் பார்த்தா. "இதுல என்னங்க இருக்குது?"

"மட்டன்" என்றேன்.

அந்த அம்மா மூடியைத் திரும்பவும் போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றா. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மட்டன் ரோல்ஸ். கோமதி சட்டென்று அந்த ட்ரேயைத் தூக்கினா. "பசங்களுக்கு ஆச்சுங்க, பசங்க காலைலயிருந்து பசிக்குதுன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே கராஜ் பக்கம் கொண்டுபோய்விட்டா. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். பிறகு கோமதி என்னைக் கையில் பிடித்து மணைக்கு முன்னால் இருத்தினா.

"முதல் கவளம் அம்மா கையாலதானுங்க. அம்மா ஆக்கின சோத்தைத் தின்னாத்தான் அவ ஆசை தீரும், வயித்துல இருக்கறதோட ஆசையும் தீரும். அஞ்சு வகையும் ஊட்டுங்க. ஊட்டி, உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதானே."

நான் அவவைப் பார்த்தேன். "எப்ப?" என்று கேட்டேன்.

"இப்பவேங்க. பெட்டி கட்டி வச்சாச்சு. டாக்டர்கிட்ட கார்த்தி வந்து கூட்டிட்டுப் போவான். கண்ணு உங்ககிட்டச் சொல்லலைங்களா?"

அபிரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த அஞ்சு வகைச் சோறும் என்னை வேலை வாங்கக் கேட்டதில்லை. தாய் என்பதற்காக, தாயிடம் மட்டும் கேட்டது. சபையில் எனக்கென்று விட்டுவைத்த ஒரே இடம் அது. அந்த இடத்தில் கொண்டுபோய் நான் கடைச் சோற்றை வைத்திருக்கிறேன்.

மஞ்சள் சோற்றில் ஒரு பிடி பிசைந்து ஊட்டினேன். என்ன மணம்! முழுக்க அஜினமோட்டோ. அவள் வாயைத் திறந்து வாங்கினாள். நான் அவளுக்குக் கடைசியாக எப்போது ஊட்டினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டாவது கவளத்துக்குக் கண் மறைத்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று சுற்றி நின்ற பெண்கள் சொன்னார்கள். என் எரிச்சலால் நானே என் பிள்ளைக்குச் சமைக்காமல் விட்டுவிட்டு அழுதேன் என்று அவர்களுக்கு யார் மொழிபெயர்ப்பது?

கை கழுவச் சமையலறைக்குள் போனபோது கோமதி பின்னால் வந்தா. முந்தானையால் மூக்கைத் துடைத்தா.

"எனக்குப் பொண்ணு இல்லீங்க. இவ வந்து அத்தை அத்தைன்னு அடுப்படியில நின்னப்போ எனக்கும் ஒண்ணு இருக்குதுன்னு இருந்துச்சு. முறை முறைன்னு நானே கட்டி அனுப்பறேன். உங்களைப் பார்த்தாப் பொறாமையா இருக்குதுங்க."

பொறாமையைக்கூட 'ங்க' போட்டுச் சொன்னா! நான் மாதக்கணக்காகக் கட்டிலில் புரண்டு புரண்டு ஒளித்து வைத்திருந்ததை அவ கை கழுவுகிற இடத்தில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டா. அவவின் கையைப் பிடித்து, எனக்கும் உங்களில் எரிச்சல்தான் என்று நானும் சொல்லியிருக்கவேண்டும். "அடிக்கடி வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவ என்னைவிட நல்லவ. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

6

இவர் காரை ஓட்ட, நானும் அபிராவும் பின் சீட்டில் இருந்தோம். நெடுஞ்சாலையில் ஞாயிறு பின்னேர நெரிசல். விமான நிலையம் தாண்டினோம். அவள் கையை அசைக்கும்போது வளையல் மட்டும் சத்தம் போட்டது.

"அம்மா."

"ம்."

"ஆர் யூ ஜெலஸ் ஒஃப் அத்தை?"

ஆங்கிலத்தில் கேட்டால் தமிழில் சொல்வது என் தொழில். பொறாமையா, ஆற்றாமையா, வேறெதுவுமா என்று வழக்கம்போல ஒரு கணம் தேடினேன். பிறகு தேடுவதை விட்டேன்.

"ஓம்."

"ரியலி?"

"ஓம். எரிச்சல். வயிறு பத்தி எரிஞ்சது. நீ புளிச்சாதம் சாப்பிட்ட அண்டைக்குத் துவங்கினது. இப்பவும் எரியுது."

முன்னால் இவர் மெல்ல இருமினார். அபிராவுக்குக் கோபம் வரும், சின்னப்பிள்ளைத்தனம் என்று ஆங்கிலத்தில் ஒரு பாட்டம் பேசுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நீங்க ஒருக்காவும் சொல்லேல்லையே," என்றாள். "நான் கேட்டனான்தானே, எங்க நிக்கிறது எண்டு. அத்தை சொல்றாங்க, அம்மா வீட்டுக்குத்தான் போகணும் எண்டு. அதைத்தான் சொல்ல வந்தனான். நீங்க விடேல்லை. அத்தை அவ்வளவு கேப்பாங்க, வா வா எண்டுவாங்க. நீங்க எப்பவும் ஓகே பிள்ளை, உங்கட இஷ்டம் பிள்ளை. ஐ தொட் நான் வந்தா உங்களுக்குக் கரைச்சல். நான் வேணுமா வேண்டாமா எண்டே எனக்குத் தெரியேல்லை மா."

விருப்பம், ஆசை, ஏக்கம் என்று வகை பிரித்து உங்களுக்கு மாம்பழக் கணக்கெல்லாம் சொன்னேன் அல்லவா? இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குள் இருந்து மற்றவர்களுக்காக நான் அதைத்தான் கூடுதலாகச் சொல்கிறேன். அவருக்குத் தண்ணீர் வேணும், இவவுக்கு ஊசி வேணும், அந்த ஐயாவுக்கு ஊருக்குப் போகவேணும். பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியும் என்று இருந்துவிட்டேன்.

"வேணும்," என்றேன். "நீ எனக்கு வேணும் பிள்ளை."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள்.